ஆயா பெருக்காத ஆறு சதுர அடி

"ஆயா, ஒரு நாள் வாசல் பெருக்காம உட்டா இன்னா ஆவும்?"

"மூதேவி வந்து குந்திக்குவா."

"ஒரு வருசம் உட்டா?"

ஆயா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தார். வாலு ஓடிவிட்டாள்.

வாலு என் அக்கா மகள், ஆறாம் வகுப்பு. ஆயா என் அம்மாதான். ஆனால் தெருவே ஆயா என்று கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வருகிறது. வீடு அத்திப்பட்டில். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறினால், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. வீடும் வாசலும் சேர்ந்து ஐந்து சென்ட். அதில் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை, குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் வாழை, ஒரு கறிவேப்பிலை, ஒரு போர். மீதி வெறும் மண். அந்த மீதிதான் ஆயாவின் ராஜ்ஜியம்.

விடியற்காலை ஐந்தரைக்கு ராஜ்ஜிய வேலை தொடங்கும். முதலில் லேசாகத் தண்ணீர் தெளிப்பார். பிறகு தென்னங்குச்சித் துடைப்பத்தால் பெருக்கல், முறத்தில் அள்ளல், சாணி கரைத்த தண்ணீர் தெளித்தல், கோலம். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் இன்னொரு தரம் பெருக்கல். காய்ச்சல் வந்தாலும் பெருக்கிவிட்டுத்தான் படுப்பார்.

வாலு கேட்டது குறும்புக் கேள்விதான். ஆனாலும் உருப்படியான கேள்வி. தினமும் செய்கிற வேலை என்னத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஓர் இடத்தில் மட்டும் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே வழக்கப்படி பெருக்கிய மண் இருக்க வேண்டும், ஒப்பிடுவதற்கு. மே மாத விடுமுறையில் ஒரு நாள் முழுக்க ஆயாவிடம் பேரம் பேசினேன். பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம், மூன்றடி நீளம் இரண்டடி அகலம் ஒதுக்கித் தந்தார். ஒரு ஓரம் கூரை ஷீட்டுக்கு அடியில், மற்றதெல்லாம் வெட்டவெளி. சுற்றிலும் செங்கல் வைத்தோம். ஏன் மூன்றடிக்கு இரண்டடி என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது பிறகு.

"பாம்பு வந்துச்சுன்னா உன்ன உட்டுத்தான் புடிக்கச் சொல்லுவேன்" என்று வாலுவிடம் நிபந்தனை போட்டார் ஆயா.

முதல் நான்கு நாளில் பாம்பும் வரவில்லை, மூதேவியும் வரவில்லை. வந்தது தூசி. பெருக்கிய மண் செம்பழுப்பாக இருக்க, எங்கள் திட்டின்மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம்.

வாலு உடனே கிழக்கே கை நீட்டினாள். அந்தப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையம். 1994-இல் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியது. முதல் இரண்டு பிரிவுகளும் சேர்த்து 1,830 மெகாவாட் திறன். வல்லூரில் இன்னோர் அனல்மின் நிலையம் இருக்கிறது. ஆயா அடுப்பில் நூறு கிலோ விறகு எரித்தால் மிஞ்சும் சாம்பல் ஒன்றிரண்டு கிலோதான். நம் நாட்டு நிலக்கரி நூறு கிலோ எரித்தால் முப்பது நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். நம் நிலக்கரியில் மண்ணும் கல்லும் அவ்வளவு கலந்திருக்கிறது. அந்தச் சாம்பல் புகையோடு வெளியே போகாமலிருக்க, மின்னூட்டம் கொடுத்துத் தகடுகளில் ஒட்ட வைத்துப் பிடிக்கிறார்கள். தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது மாதிரிதான். பிடித்ததில் ஒரு பகுதியை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். இன்னொரு பகுதி லாரியில் ஏறி சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகும்.

ஆனால் கை நீட்டினால் போதுமா? இந்த ஊரில் தூசிக்கு விலாசம் பல. கன்டெய்னர் லாரி ஓடும் சாலை இருக்கிறது, கடலோர மணல் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள், ஆயாவே வெந்நீர் அடுப்பு எரிக்கிறார். அதனால் விசாரித்தோம்.

திட்டின்மேல் படிந்ததைக் கோழி இறகால் வாரி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டோம். பெரும்பகுதி உடனே அடியில் இறங்கியது: அது மணல். கொஞ்சம் தண்ணீரைக் கலக்கலாக்கி ஒரு மணி நேரம் மிதந்து அலைந்தது: நுண்ணிய மண். மிகக் கொஞ்சம் மேலேயே மிதந்தது. காகிதம் சுற்றிய காந்தத்தைத் தூசிமேல் ஓட்டியபோது கறுப்பாகச் சில துகள்கள் ஒட்டின. வாலு துள்ளினாள். அவசரப்படாதே என்றேன், நம் கடற்கரை மணலிலேயே காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள் உண்டு, நிலக்கரிச் சாம்பலிலும் உண்டு. காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

உருவம்தான் கொஞ்சம் காட்டிக்கொடுத்தது. வாலுவின் பள்ளி நுண்ணோக்கியில் அடியில் இறங்கிய துகள்களையும் மிதந்த துகள்களையும் வைத்துப் பார்த்தோம். மணல், உடைந்த கற்கண்டு போலக் கோணல்மாணலாக இருந்தது. மிதந்தவற்றில் சில துகள்கள் மட்டும் பாசிமணி போல உருண்டை, வழவழப்பு. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் நிலக்கரியிலுள்ள மண் உருகித் துளியாகிறது. மழைத்துளி உருண்டையாவது எதனாலோ அதனால்தான் இதுவும் உருண்டையாகிறது. ஆறியதும் கண்ணாடிக் குண்டாக உறைந்துபோகிறது. உள்ளே பொள்ளலாக உறைந்த குண்டு தண்ணீரில் மிதக்கும். ஆக, எங்கோ ஓர் உலையில் உருகிய சாம்பலும் கொஞ்சம் எங்கள் திட்டில் இருந்தது. எந்த உலை, புகையில் வந்ததா லாரியில் சிந்தியதா செங்கல் உடைந்ததா என்று அந்தக் குண்டு வாய் திறக்காது. அதிகம் இருந்தது மணலும் சாலை மண்ணும்தான். வாலுவுக்கு ஏமாற்றம். கண்ணால் கண்டதற்கு மேல் எழுதக் கூடாது என்பதால் நோட்டில் அப்படியே எழுதச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஆயா முதலில் தண்ணீர் தெளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். சாம்பல் துகள் பலவும் அந்த முடியைவிடச் சிறியவை. இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சோடு நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகும். காய்ந்த மண்ணைப் பெருக்கினால் துடைப்பம் அதையெல்லாம் மூக்கு உயரத்துக்குத் தூக்கிவிடும். ஈரம் பட்டால் துகளுக்கும் துகளுக்கும் இடையே நீர்ப்படலம் பாலம் போட்டுப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பெருக்கினாலும் தெளித்துவிட்டே பெருக்குங்கள். மூக்கில் ஒரு துணியும் கட்டிக்கொள்ளுங்கள். ஆயா கட்டுவதில்லை, சொன்னால் கேட்பதுமில்லை.

இரண்டாவது வாரம் கூரை ஓரத்தில், மழையும் துடைப்பமும் தொடாத பொடிமண்ணில், குட்டிக் குட்டிப் புனல்கள் முளைத்தன. ஐந்து, பிறகு ஒன்பது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அகலம். குழியானை! சில ஊரில் குழிநரி என்பார்கள். நான் இதைப் பார்த்து இருபது வருடமாகியிருந்தது. வாலுவைவிட எனக்குத்தான் குஷி.

குழியானை ஒரு பூச்சியின் சிறுவயதுப் பருவம். பின்பக்கமாகவே நடக்கும். வட்டமாகச் சுற்றிச் சுற்றி, தலையால் மண்ணை வெளியே எறிந்து எறிந்து குழி பறிக்கும். காய்ந்த மணலைக் குவித்தால் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது, சரியும். ஏறக்குறைய 30 முதல் 35 பாகை. கட்டுமான இடத்து மணல் குவியலிலும் சமையலறையில் கொட்டிய ரவையிலும் அந்தச் சாய்வைப் பார்க்கலாம். குழியானை தன் சுவரைச் சரிந்து விழும் விளிம்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. எறும்பு கால் வைத்தால் போதும், தரை நழுவும். ஏற முயன்றால் கீழிருந்து மண்ணை வீசி அடிக்கும். எறும்பு உருண்டு நேரே கொடுக்குக்குள் போய் விழும். ஒரு துளி தண்ணீர் விட்டால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுப்போகும், ஈர மணல் செங்குத்தாகவே நிற்கும் அல்லவா? அதனால்தான் அது கூரை ஓரத்தைத் தேடுகிறது. வளர்ந்தபின் தட்டான் போல இறக்கை முளைத்து, இரவில் பறக்கும் பூச்சியாகிவிடும்.

ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "சின்ன வயசுல இத்த உள்ளங்கைல வெச்சிக்கினு ஓட உடுவோம்" என்றார். பிறகு எழுந்து போய் மிச்ச இடத்தையெல்லாம் சுத்தமாகப் பெருக்கினார்.

ஜூன் முதல் வாரம் திட்டு வெளுத்தது. பூஞ்சைபோல் வெள்ளைப் பொருக்கு. சுரண்டித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினோம். அடியில் மின்னும் படிகம் மிஞ்சியது. உப்பு. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், மண்ணில் வேறென்ன இருக்கும் என்று தெரியாது.

எங்கிருந்து வந்தது? கீழிருந்து. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்துகள்களின் சந்து வழியாகத் தண்ணீர் மேலே ஏறுகிறது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. உப்பை எடுக்காமல் விட்டுவிட்டுப் போகிறது. பெருக்கிய பக்கத்திலும் உப்பு பூத்திருக்கும். ஆயா அதை அன்றன்றைக்கே அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

அத்திப்பட்டின் போர்த் தண்ணீர் உப்பு என்பதற்குப் பரிசோதனைச் சாலை தேவையில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கக் கேன் தண்ணீர்தான். காரணம் கொஞ்சம் பெரிய கதை. நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு. நூறுக்கு இரண்டரை பங்குதான் வித்தியாசம். ஒரு டம்ளரில் உப்புக்கரைசலை ஊற்றி, அதன்மேல் மை கலந்த சாதாரணத் தண்ணீரைக் கரண்டி முதுகில் வழியவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். மை மேலேயே நிற்கும். கடலோர நிலத்துக்கு அடியிலும் இப்படித்தான், மழைநீர் கடல்நீர்மேல் மிதக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தால் ஒரு வினோதக் கணக்கு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது கடலை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டால்? நாளடைவில் கீழே கடல் 40 மீட்டர் மேலேறி வரும். ஒன்றுக்கு நாற்பது! இப்படி வட்டி போடுகிற கடன்காரர் உண்டா?

பக்கத்து மீஞ்சூர்ப் பகுதியில் அதுதான் நடந்தது. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் நிலத்தடி நீர் பல ஆண்டுகள் இறைக்கப்பட்டது. 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே வருவதை ஆய்வாளர்கள் கண்டார்கள், பிறகு அது மேலும் பல கிலோமீட்டர் நிலத்துக்குள் நகர்ந்தது. அதே மீஞ்சூரின் பேரில், காட்டுப்பள்ளிக் கடலோரத்தில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஓர் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது.

ஆயாவின் ரோஜா மூன்று தரம் செத்தது இதனால்தான். அரிந்த வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள். உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீரை இழுக்கும். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீருக்கு நடுவிலேயே நின்று தவிக்கும். ரோஜாவும் அவரையும் தாங்காது. தென்னை, வேம்பு, பூவரசு தாங்கும். இதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதற்குப் பதில், இரண்டு நாளைக்கொரு முறை நிறைய ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கும். கேன் தண்ணீரில் அரிசி களைந்த கழுநீரைக் கறிவேப்பிலைக்கு விடுங்கள். மரத்தடியில் விழுந்த இலையைப் பெருக்காதீர்கள். மண்மேல் போர்வை இருந்தால் வெயில் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, உப்பும் அவ்வளவாக மேலேறாது.

மூன்றாவதைச் சொன்னதும் ஆயா சண்டைக்கு வந்தார். "இலை கெடந்தா தேளு, நட்டுவாக்காலி எல்லாம் வந்து குடித்தனம் பண்ணும். வெறுந்தரைனா ராத்திரில காலு வைக்கிற எடம் தெரியும்."

இதுவும் அறிவியல்தான். மழைக்காலத்தில் பாம்பு புழங்குகிற ஊரில், வீட்டைச் சுற்றி வெறும் மண் வைத்திருப்பது வேலி மாதிரி. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: வீட்டிலிருந்து பத்தடிக்கு வெறுந்தரை, அதற்கப்பால் வேம்படியில் இலை இருக்கலாம். முன்பு குவித்துக் கொளுத்திய இலை இப்போது அங்கேயே மக்குகிறது. அந்தப் புகையும் போயிற்று.

ஆகஸ்ட்டில் நல்ல மழை இரண்டு. திட்டு பச்சையாகிவிட்டது. யாரும் விதைக்கவில்லை! மண்ணுக்குள் விதைகள் வருடக்கணக்கில் தூங்கும். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் எழும். தினமும் பெருக்கினால், மிதித்தால், எழுந்ததும் சாகும்.

இப்போது மூன்றடிக்கு இரண்டடியின் கதை. 1857-இல் இங்கிலாந்தில் டவுன் என்ற கிராமத்தில் சார்லஸ் டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தில் இதே அளவு இடத்தைக் கொத்திச் சுத்தமாக்கிவிட்டு, முளைக்கிற களை ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வைத்தார். 357 முளைத்தன. அவற்றில் 295 செத்தன, பெரும்பாலும் ஓடில்லாத நத்தையாலும் பூச்சியாலும். இன்னொரு முறை ஒரு குளத்தோரத்துச் சேற்றில் மூன்று கரண்டி எடுத்துக் கோப்பையில் மூடி வைத்து, ஆறு மாதம் முளைப்பதைப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள்! உலகையே சுற்றி வந்த மனிதர். பரிணாமத்தைப் பற்றிய புத்தகத்துக்கு அவருக்கு வேண்டியிருந்த சாட்சியில் கொஞ்சம் வீட்டு வாசலில் கிடந்தது.

நாங்களும் எண்ணினோம். அடையாளத்துக்கு ஈர்க்குச்சி நட்டோம். ஈர்க்குச்சி எங்கிருந்து வந்தது என்று ஆயா இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார், துடைப்பம் இளைத்திருந்தது. மொத்தம் 64 முளை. அருகம்புல், கீழாநெல்லி, குப்பைமேனி, நாயுருவி, கோரை. குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மோந்து பார்த்து மயங்கி உருளும். பூனைவணங்கி என்று இன்னொரு பேரே உண்டு. கோரை வேறு ரகம். இழுத்தால் இலைதான் கையோடு வரும், கிழங்கு கீழே சங்கிலி கோத்துக்கொண்டிருக்கும், அறுந்த ஒவ்வொரு கண்ணியும் புதுச் செடி. உலகின் மிக மோசமான களை என்று வேளாண் அறிஞர்கள் அதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆயா அந்தக் கிழங்கைக் காயவைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கிறார்.

வாலு நோட்டில் கட்டம் போட்டாள். செத்த செடி எத்தனை, எதனால்? வெயில், நத்தை, கம்பளிப்பூச்சி. தெரியாததற்குக் கேள்விக்குறி. நான் அங்கே இல்லாத சனிக்கிழமைகளில் தவறாமல் போனில் எனக்குக் கணக்கு வரும்.

அக்டோபரில் பெருமழை தொடங்கியதும் வாசல் வேலை இரட்டிப்பானது. கொட்டாங்குச்சி, உடைந்த வாளி, டயர் என்று தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தோம். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைக்கும் வரை வளர ஏழெட்டு நாள் போதும். காய்ந்துபோன ஓட்டில் ஒட்டிய முட்டையோ பல மாதம் காத்திருக்கும், அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும். கூரையின் மழைநீரைப் போர் பக்கத்துக் குழிக்குத் திருப்பினோம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். எங்கள் குழி அப்போது வெட்டியது, சேறு அடைத்திருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 50 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர். ஒன்றுக்கு நாற்பது வட்டிக் கடனை ஒரு வீடு அடைத்துவிட முடியாது. அந்த ஆயிரம் லிட்டர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் கீழே இறங்குவதை நின்று பார்ப்பது மட்டும் சுகமாக இருந்தது.

ஜனவரியில் போகிக்குப் போனேன். வீடு வெள்ளையடித்து வாசல் பளிச்சென்று இருந்தது. திட்டைச் சுற்றிய செங்கல்லுக்கும் ஆயா சுண்ணாம்பு பூசியிருந்தார்! வாலு நோட்டை நீட்டினாள். 64-இல் உயிரோடு 23. செத்தது 41. வெயில் 12, நத்தை 14, கம்பளிப்பூச்சி 6. மிச்சம் ஒன்பதுக்குக் கேள்விக்குறி. ஒன்பதும் நாயுருவி. ஒன்பதும் செங்கல் ஓரத்தில் இருந்தவை. வேரோடு காணவில்லை, கடித்த தடம் இல்லை.

"நத்தை வேரோடவா மாமா தின்னும்?"

நாயுருவியின் விதையில் கீழ்நோக்கிய முள் உண்டு. உரசிப் போகிற எதிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். மாட்டின் தோல், நாயின் வால், புடவைக் கரை. நான் திரும்பி ஆயாவைப் பார்த்தேன். அவர் முருங்கைக்காய் பறிக்கிற மும்முரத்தில் இருப்பதுபோல நின்றார்.

"பொடவையெல்லாம் ஒட்டிக்கினு வருது. நான் இன்னா பண்ண?" என்றார் கடைசியில்.

வாலு ஒன்றும் பேசவில்லை. ஒன்பது கேள்விக்குறியையும் அடித்துவிட்டு, நத்தைக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு எழுதினாள்: ஆயா, 9.